வேருக்கும் மூச்சு வேண்டும்

வீட்டுக்குள் வைக்கும் செடியை வாங்கும்போது எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி, “இதுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணி ஊத்தணும்?” என்பது. நர்சரிக்காரரும் யோசிக்காமல், “டெய்லி ஒரு டம்ளர் ஊத்துங்க, போதும்” என்கிறார். அவருடைய இடத்தில் அது சரியான பதில்தான். பச்சை நிழல்வலைக்குக் கீழே, நாள் முழுக்கக் காற்று வீசும் வெட்டவெளியில், ஓட்டை போட்ட கறுப்புக் கவரில் நிற்கும் செடி அந்த ஒரு டம்ளரை மாலைக்குள் தீர்த்துவிடும். அதே செடி பளபளக்கும் பீங்கான் தொட்டிக்கு மாறி, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் அதன் தேவை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. டம்ளர் மட்டும் குறைவதில்லை.

இதில் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. நம் வீடுகளில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது காலைக் கடமை. வாசல் தெளித்து, துளசிக்கு ஊற்றி, அப்படியே மற்ற செடிகளுக்கும் ஒரு சுற்று. தரையில் நட்ட செடிக்கு இதனால் கெடுதல் இல்லை. மிகுந்த நீரை நிலம் கீழே இழுத்துக்கொள்ளும். தொட்டிக்கு அடியில் நிலம் இல்லை, டைல்ஸ்தான் இருக்கிறது.

இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போவது இதைத்தான்: ஒரே நேரத்தில் நிறைய ஊற்றுவதால் வீட்டுச் செடி சாவதில்லை. ஊற்றியது காயும் முன்னே மறுபடி ஊற்றுவதால்தான் சாகிறது.

மழைக்காட்டுச் செடிதானே?

மான்ஸ்டெரா, ஃபிலோடென்ட்ரான், ஆந்தூரியம், மணி பிளான்ட் எல்லாமே வெப்பமண்டலத்துச் செடிகள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் காடுகளில் வளர்பவை என்றதும், இவற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் தகும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அந்தக் காட்டில் இவை நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். மான்ஸ்டெரா மரத்தைப் பற்றி ஏறும் கொடி. ஆந்தூரியம், ஃபிலோடென்ட்ரான் இனங்களில் பல மரக்கிளையிலேயே வாழ்பவை. அவற்றின் வேர்கள் மரப்பட்டையின் வெடிப்பிலும், மட்கிக்கொண்டிருக்கும் சருகுக் குவியலிலும் படர்ந்திருக்கும். மழை பெய்தால் முழுக்க நனையும். நின்றதும் நீர் வழிந்தோடிவிடும். அடுத்த மழைவரை வேரைச் சுற்றிக் காற்று இருக்கும். இலைக்கு ஈரக்காற்று, வேருக்கு வந்துபோகும் ஈரம் என்பதுதான் மழைக்காட்டு வாழ்க்கை. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். இலைக்கு ஏசியின் வறண்ட காற்று, வேருக்கு நாளெல்லாம் சேறு.

ஸ்நேக் பிளான்ட் (நம் ஊர் மருளுக்கு உறவு) மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும், இசட்-இசட் பிளான்ட் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. வறட்சிக் காலத்துக்கென்று இலையிலும் கிழங்கிலும் தண்ணீரைச் சேமித்து வைப்பவை. இவற்றுக்கு ஒரு மாதம் ஊற்ற மறந்தாலும் ஒன்றும் ஆகாது. மறக்காதவர்கள் வீட்டில்தான் ஆபத்து.

நீர் தேங்கினால் உள்ளே என்ன நடக்கிறது

இலை உணவு தயாரிக்கிறது. வேருக்கு அந்த வசதி இல்லை. மேலிருந்து வரும் சர்க்கரையை ஆக்ஸிஜனோடு சேர்த்து எரித்துத்தான் அது வளர வேண்டும், நீரையும் உப்புகளையும் உறிஞ்ச வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றறைகள் வழியாக அந்த ஆக்ஸிஜன் வருகிறது. அந்த அறைகளில் நீர் நிரம்பிவிட்டால் வழி அடைபடும். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீருக்குள் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். உள்ளே இருந்த கொஞ்சநஞ்சத்தையும் வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சேர்ந்து தீர்த்துவிடுகின்றன.

இங்கே நம் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீர் சூடாகச் சூடாக அதில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும்: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரைகிற இடத்தில் 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் வேரின் சுவாசத் தேவையோ கூடுகிறது. ஆகவே குளிர்நாட்டில் ஒரு வாரம் சேற்றில் தாக்குப்பிடிக்கும் வேர், சென்னையிலோ மதுரையிலோ அதைவிடச் சீக்கிரம் மூச்சடைத்துப்போகும். வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கும் நாள் கணக்கை இங்கே அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

மூச்சடைத்த வேரின் நுனி முதலில் சாகிறது. அதன் பிறகு அழுகல் நோய்க்கிருமிகள் உள்ளே வருகின்றன. பித்தியம், ஃபைட்டாப்தொரா என்ற இரண்டும் இதில் முக்கியமானவை. இவற்றின் வித்துகளுக்கு நீந்தத் தெரியும். நீர் தேங்கிய மண்ணில் ஒரு வேரிலிருந்து இன்னொரு வேருக்கு நீந்தியே போய்ச் சேர்ந்துவிடும். ரைசாக்டோனியா, ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகளும் பலவீனமான வேரைத் தாக்கும்.

வேர் செத்தால் உறிஞ்ச ஆள் இல்லை. தொட்டி நிறைய நீர் இருந்தும் இலைக்கு ஒரு சொட்டு போகாது. இலை துவளும். அதைப் பார்க்கிறவர் “ஐயோ, வாடிப்போச்சே” என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார். இந்தக் கடைசிச் சொம்பில் முடியும் செடிகள் ஏராளம்.

தாகமா, வெள்ளமா?

துவண்ட இலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இலை, மண், எடை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் போதாத செடியின் இலை காகிதம்போல் காய்ந்து, ஓரம் மொரமொரப்பாகும். தொட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கும். மண் தொட்டிச் சுவரைவிட்டு விலகி இடைவெளி தெரியும். தண்ணீர் மிகுந்த செடியின் இலை மென்மையாக, சில சமயம் ஈரக்கசிவோடு மஞ்சளாகும். பெரும்பாலும் கீழ் இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, சில சமயம் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் பழுக்கும். கீழே உள்ள ஒரு கிழ இலை எப்போதாவது மஞ்சளாவது இயற்கை. அதற்குப் பதற வேண்டாம். இலையில் பழுப்புப் புள்ளி தோன்றி அதைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால், அதோடு மண்ணும் ஈரமாக இருந்தால், சந்தேகம் உறுதிப்படுகிறது. தண்டின் அடிப்பகுதி விரலால் அழுத்தும்போது அமுங்கினால், நிலைமை முற்றிவிட்டது.

மண்ணை மோந்து பாருங்கள். நல்ல மண்ணுக்கு மழை பெய்த வாசனை இருக்கும். கெட்டுப்போன மண் சாக்கடை நாற்றம் அடிக்கும். மண்மேல் கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள் எழும்பிப் பறக்கின்றனவா? அவை நேரடியாகப் பெரிய சேதம் செய்வது குறைவு, ஆனால் மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. மேல்மண்ணைக் காயவிட்டாலே அவற்றின் புழுக்கள் சாகும்.

காலையில் மணி பிளான்ட், ஃபிலோடென்ட்ரான் இலை நுனியில் நீர்த்துளி நிற்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். இரவில் மிகுந்த நீரைச் செடி தன் இலை ஓரத் துளைகள் வழியே வெளியேற்றுவது அது. நோய் அல்ல. ஆனால் தினமும் துளி நின்றால், மண்ணில் ஈரம் தாராளமாக இருக்கிறது, இன்று ஊற்ற வேண்டாம் என்று பொருள்.

குழப்பும் அறிகுறி இன்னொன்று உண்டு. இலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்வது. இதற்கு நம் வீடுகளில் அடிக்கடி காரணமாவது ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீர். வீணாகப் போகிறதே என்று அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறோம். அதில் உப்பு செறிந்திருக்கும். நுனி கருகியதைத் தண்ணீர்ப் பஞ்சம் என்று நினைத்து அதே நீரை இன்னும் ஊற்றினால், உப்பும் சேறும் ஒன்றாகச் சேரும். அந்த நீரைத் தரை துடைக்கவோ கழிப்பறைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அது செடிக்குத் தாராளமாக ஆகும்.

ஈரமானியும் ஒரு தனி ஏமாற்று. இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு கம்பிக் கருவி அளப்பது மின் கடத்தலைத்தான். உப்பு மிகுந்த மண் காய்ந்திருந்தாலும் ஈரம் என்று காட்டும். பட்டையும் கரியும் கலந்த பொலபொலப்பான கலவை ஈரமாக இருந்தாலும் காய்ந்தது என்று காட்டும். அந்தக் காசுக்கு இன்னொரு செடி வாங்கலாம். ஐஸ்கிரீம் குச்சியோ மூங்கில் குச்சியோ எடுத்துத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, சில நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். நிறம் கறுத்து மண் ஒட்டி வந்தால் ஈரம். சுத்தமாக வந்தால் காய்ச்சல். மேல்மண்ணை மட்டும் தொட்டுப் பார்த்து ஊற்றுவதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம். நம் வெயிலில் மேலே ஓர் அங்குலம் காய்ந்திருக்க, அடியில் நான்கு அங்குலம் சேறாக இருக்கும்.

மீட்பு

இலை லேசாகத் துவண்டு, மண் ஈரமாக இருந்து, நாற்றம் இல்லையென்றால் அறுவைசிகிச்சை வேண்டாம். ஊற்றுவதை நிறுத்துங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டுங்கள். செடியை மண் உருண்டையோடு மெல்ல வெளியே எடுத்து, நாலைந்து மடிப்புச் செய்தித்தாளின் மேல் நிழலில் வையுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். ஒரு ராத்திரியில் வியக்கத்தக்க அளவு நீர் இறங்கியிருக்கும். பிறகு அதே தொட்டியில் வைத்து, குச்சி சுத்தமாக வரும்வரை காத்திருங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைக்காதீர்கள். வேர் செத்த செடிக்கு வெயில் இலைவழி நீரிழப்பைக் கூட்டி இன்னொரு அடி கொடுக்கும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம்.

நாற்றம் அடித்தாலோ, இலைகள் வரிசையாக மஞ்சளானாலோ, வேரைப் பார்த்தே ஆக வேண்டும். தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டி, செடியின் அடித்தண்டைப் பிடித்து எடுங்கள். மண்ணைக் குழாய் நீரில் மெல்லக் கழுவிவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் பலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். மேலே நல்ல கலவை இருக்க, நடுவில் வேரைச் சுற்றிக் கிரிக்கெட் பந்து அளவுக்குக் களிமண் உருண்டை ஒன்று இறுகிக் கிடக்கும். நம் நர்சரிகளுக்குச் செடிகள் ஆந்திராவின் கடியம் போன்ற இடங்களிலிருந்து லாரியில் வருகின்றன. வழியில் வேர் காயாமலிருக்க ஒட்டும் மண்ணில் பொதிந்து அனுப்புவது வழக்கம். பயணத்துக்கு அது நல்லது. தொட்டிக்குள் போனபின் அதே உருண்டை வாரக்கணக்கில் ஈரம் காக்கும், அல்லது ஒருமுறை காய்ந்துவிட்டால் நீரை உள்ளேயே விடாது. வாங்கி வந்த செடி ஒரு மாதத்தில் காரணமே தெரியாமல் போவதன் பின்னால் பல நேரம் இந்த உருண்டைதான் இருக்கிறது. வாளி நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் விரலாலேயே கரைத்துவிடலாம்.

வேர் இப்போது கண்ணுக்குத் தெரியும். உயிருள்ள வேர் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ, விறைப்பாக இருக்கும். செத்த வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ கொழகொழத்திருக்கும். சந்தேகமிருந்தால் இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்தோல் உறைபோல் கழன்று வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது போய்விட்டது. நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்: ஸ்நேக் பிளான்ட், டிரசீனா வகைகளின் நல்ல வேரும் கிழங்கும் இயல்பாகவே ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும். அதை அழுகல் என்று நினைத்து வெட்டியவர்கள் உண்டு. அழுத்திப் பார்த்து, உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கத்தரியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகியதை எல்லாம் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டுங்கள். தயங்கி மிச்சம் வைக்கும் ஒரு கறுப்பு வேர் மறுபடி எல்லாவற்றையும் ஆரம்பித்துவைக்கும். ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தரியை மறுபடி துடையுங்கள். மான்ஸ்டெரா, டைஃபன்பேக்கியா, அக்லோனீமா, மணி பிளான்ட் எல்லாவற்றின் சாற்றிலும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு. கை அரிக்கும், கண்ணில் பட்டாலோ வாயில் பட்டாலோ கடுமையாக எரியும். கையுறை போடுங்கள், குழந்தைகளையும் நாய் பூனையையும் தள்ளி வையுங்கள்.

பாதிக்கு மேல் வேர் போயிருந்தால், மேலே இருக்கும் எல்லா இலைக்கும் தண்ணீர் தர மீதி வேரால் முடியாது. மஞ்சளான, நைந்த இலைகளை எடுத்துவிடுங்கள். அதற்கு மேலும் துவண்டால் பெரிய இலைகளில் ஒன்றிரண்டைக் குறைக்கலாம். எல்லாவற்றையும் மொட்டையடிக்க வேண்டாம். புதுவேர் விடத் தேவையான சர்க்கரையை அந்த இலைகள்தான் தர வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒரு பெரிய தவறு பரவலாக நடக்கிறது. வேரழுகல் என்றதும் எல்லோர் கையும் பவிஸ்டின் பொட்டலத்துக்குப் போகிறது. அதிலுள்ள கார்பென்டாசிம் ரைசாக்டோனியா, ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகளுக்குப் பயன்படும். ஆனால் நீர் தேக்கத்தில் முதலில் வரும் பித்தியமும் ஃபைட்டாப்தொராவும் உண்மையான பூஞ்சைகளே அல்ல. அவற்றின் மேல் கார்பென்டாசிம் வேலை செய்யாது. அவற்றுக்கு மெட்டலாக்ஸில்-மேன்கோசெப் கலவை (லிட்டருக்கு 2 கிராம்) அல்லது காப்பர் ஆக்ஸிகுளோரைடு (லிட்டருக்கு 2.5 கிராம்) பொருந்தும். உறையில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ முகக்கவசம், கையுறையோடு கலக்குங்கள். சமையலறைப் பாத்திரம் வேண்டாம். டிரைக்கோடெர்மா நல்லதுதான். ஆனால் அது நோய் வராமல் காக்கும் உயிரி. முற்றிய அழுகலைத் திருப்பாது. ரசாயன மருந்து ஊற்றிய கையோடு அதைப் போட்டால் அதுவும் சேர்ந்து சாகும். மஞ்சள்தூளை வெட்டுவாயில் தடவுவதில் கெடுதல் இல்லை, பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். உண்மையில் வேரைச் சுத்தமாக வெட்டி, புதுக் கலவையில் வைத்து, நீரைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலான செடிகளுக்கு மருந்தே தேவைப்படாது.

நடும்போது பழைய தொட்டியைவிடச் சின்னதாக எடுங்கள். வேர் குறைந்துவிட்டது, மண்ணும் குறைய வேண்டும். வேர்த்தொகுதியைச் சுற்றி ஓர் அங்குல இடம் போதும். கலவையை லேசாக ஈரப்படுத்தி நட்டு, முதலில் கொஞ்சமாக நனையுங்கள். ஏசி அறையில் இருந்தால் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, தினமும் சிறிது நேரம் திறந்து விடுங்கள், இலை தாங்கும். உரம் எதுவும் வேண்டாம். பலவீனமான வேரில் உரம் பட்டால் கருகும். புது இலை ஒன்று முழுதாக விரியும்வரை பொறுங்கள்.

எந்தச் செடி, எவ்வளவு நம்பிக்கை

மணி பிளான்ட்டுக்குக் கவலையே இல்லை. வேர் முழுக்கப் போனாலும், கணுவோடு கூடிய கொடித்துண்டு ஒன்று மிஞ்சினால் பாட்டில் நீரில் வைத்து மறுபடி தொடங்கலாம். மண்ணில் நீர் தேங்கினால் சாகிற செடி தண்ணீர்ப் பாட்டிலில் எப்படி வளர்கிறது என்று கேட்பீர்கள். பாட்டிலில் மேற்பரப்பு திறந்திருக்கிறது. அழுகிப்போன வேரும் மட்கும் பொருளும் உள்ளே இல்லை. அங்கே விடும் வேர் நீருக்கென்றே வேறு மாதிரி அமைகிறது. அதனால்தான் பாட்டில் வேரோடு மண்ணுக்கு மாற்றும்போது சில நாள் முரண்டு பிடிக்கும். நீரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

அக்லோனீமா, டைஃபன்பேக்கியா, மான்ஸ்டெரா ஆகியவற்றிலும் உறுதியான தண்டு மேலே இருந்தால் கணுவோடு வெட்டி வேர் பிடிக்க வைக்கலாம். தண்டை வெட்டும்போது குறுக்குவெட்டில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே போய் வெட்ட வேண்டும்.

ஸ்நேக் பிளான்ட்டின் நல்ல இலையை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து, தலைகீழாகாமல் நட்டால் முளைக்கும். பொறுமை வேண்டும். மஞ்சள் ஓரம் போட்ட வகையை இலைத்துண்டிலிருந்து வளர்த்தால் அந்த மஞ்சள் வராது, வெறும் பச்சையாகத்தான் முளைக்கும். மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு கூடிய பக்கக்கன்றைக் காப்பாற்றப் பாருங்கள். இசட்-இசட் செடியின் கிழங்கு உருளைக்கிழங்குபோல் கெட்டியாக இருந்தால், எல்லாத் தண்டும் போனாலும் செடி பிழைக்கும். கிழங்கு கூழானால், விழாமல் நிற்கும் சிற்றிலைகளை நட்டுவைக்கலாம். அவை அடியில் சிறுகிழங்கு கட்டவே மாதக்கணக்காகும்.

பீஸ் லில்லி கொஞ்சம் நாடகக்காரி. காய்ந்தால் மொத்தமாகச் சரிந்து, ஊற்றிய சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். ஊற்றியும் எழவில்லை என்றால் அது தாகம் இல்லை. உடனே வேரைப் பாருங்கள்.

ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் வேர் வெள்ளியாக இருந்தால் காய்ந்திருக்கிறது, பச்சையாக இருந்தால் நனைந்திருக்கிறது. இதைவிட எளிய செடி கிடையாது. நடுக்குருத்தில் மட்டும் நீர் தேங்கவிடாதீர்கள்.

அரிக்கா பாம் தான் கை விரிக்க வைக்கும். பாமுக்குக் குச்சி வைத்து நடுவது என்ற வழியே இல்லை. ஒவ்வொரு தண்டுக்கும் உச்சியில் ஒரே குருத்து. அந்தக் குருத்து இழுத்ததும் கையோடு வந்தால் அந்தத் தண்டு முடிந்தது. கூட்டத்தில் மற்ற தண்டுகள் நன்றாக இருந்தால் செத்ததை மட்டும் அடியோடு எடுத்துவிடலாம்.

மறுபடி வராமலிருக்க

தொட்டியின் அடியில் ஓர் அடுக்கு ஜல்லி போட்டால் நீர் வடியும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. அது தப்பு. மண்கலவை எதுவானாலும், அதன் அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் தானாக இறங்காமல் நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் நயம். நுண்துகள் மண்ணிலிருந்து நீர் பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் எளிதில் குதிக்காது. ஜல்லி போட்டால் அந்தச் சேற்றுப் பகுதி அப்படியே மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறி உட்காரும். சமையலறை ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடித்து, சொட்டுவது நின்றபின் செங்குத்தாகத் திருப்புங்கள்; இன்னும் நீர் சொட்டும். ஒரே கலவையானாலும் உயரமான தொட்டியில் சேற்றின் பங்கு குறைவு, தட்டையான தொட்டியில் அதிகம் என்பது இதிலிருந்தே புரியும். வடிகால் துளையை மண் அடைக்காமலிருக்க ஓட்டுத்துண்டு ஒன்றோ வலைத்துண்டோ போதும். ஜல்லியைக் கலவையோடு கலந்து போடுங்கள். அடியில் அடுக்க வேண்டாம்.

கலவையில் கைவைப்பதுதான் நிலையான தீர்வு. நர்சரியில் கிடைக்கும் வெறும் கோகோபீட்-செம்மண் கலவை வீட்டுக்குள் மிகவும் கனம். கோகோபீட் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைப்பது. மான்ஸ்டெரா, ஆந்தூரியம், ஃபிலோடென்ட்ரான் வகைகளுக்குத் தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது சிறு கரித்துண்டு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலக்கலாம். ஸ்நேக் பிளான்ட்டுக்கும் இசட்-இசட்டுக்கும் செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, பொடித்த செங்கல் துண்டு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. ஆற்றுமணல் கிடைக்காமல் எம்-சாண்ட் போடுகிறவர்கள், அதைச் சலித்துக் கழுவித்தான் போட வேண்டும். அதிலுள்ள நுண்தூள் இடைவெளிகளை அடைத்துச் சிமெண்ட்போல் இறுகிவிடும்.

தொட்டியில், மண் தொட்டிக்கே என் ஓட்டு. பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். ஓட்டையில்லாத அழகுத் தொட்டி கண்ணைக் கவர்ந்தால் வாங்குங்கள். செடியை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதை அழகுத் தொட்டிக்குள் இறக்குங்கள். ஊற்றும்போது வெளியே எடுத்து, சிங்க்கில் வைத்து, அடித்துளை வழியே ஓடும்வரை தாராளமாக ஊற்றி, நன்றாக வடிந்தபின் உள்ளே வையுங்கள். தட்டில் நின்ற நீரை அரைமணிக்குள் கொட்டிவிடுங்கள். “வளரட்டும்” என்று சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைக்க வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் இருக்கும் நீரைக் குடிக்க யாருமில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு அங்குலம் பெரிய தொட்டி போதும்.

வெளிச்சமும் தண்ணீரும் ஒரே கணக்கு. ஜன்னலோரச் செடி நான்கு நாளில் குடிப்பதை இருட்டு மூலையில் நிற்கும் அதே செடி குடிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளலாம். படுக்கையறை மூலையில் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வைத்த செடிகள் இந்த வகையில்தான் பெரும்பாலும் போகின்றன. இருட்டு மூலைக்கு ஆசைப்பட்டால் ஊற்றும் இடைவெளியையும் நீட்டுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை வெளிநாட்டுக் குறிப்புகள் “குளிர்காலத்தில் குறையுங்கள்” என்று எழுதும். கிழக்குக் கடலோரத் தமிழ்நாட்டில் கவனிக்க வேண்டியது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மாதங்களில்தான் வருகிறது. வானம் மூடியிருக்கும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், செடி குடிப்பது அடியோடு குறையும். கத்திரி வெயிலில் வைத்த பழக்கத்தை அப்படியே நவம்பரில் தொடர்ந்தால் அழுகல் நிச்சயம். மழைச் சாரல் படும் பால்கனித் தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்தி, அடியில் செங்கல் துண்டு கொடுத்துத் துளையைத் தரையிலிருந்து தூக்குங்கள். தட்டுகளை மழை முடியும்வரை எடுத்தே வையுங்கள்.

கடைசியாக வீட்டு அரசியல். காலையில் அம்மா ஊற்ற, மதியம் வேலைக்கு வரும் அக்கா ஊற்ற, மாலையில் வந்த மகளும் “யாரும் ஊத்தலையோ” என்று ஊற்றும் வீடுகளில் எந்தக் கலவையும் காப்பாற்றாது. செடிக்குப் பொறுப்பு ஒருவருக்கு மட்டும் என்று முடிவு செய்யுங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தால், பத்து நாளைக்கு ஊற்றவே வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஜன்னலை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தால் பெரும்பாலான வீட்டுச் செடிகள் அதைத் தாங்கும்.

அழுகிய செடி இருந்த தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த செடிக்கு எடுங்கள். அந்தப் பழைய மண்ணை வேறு வீட்டுச் செடிக்குப் போடாதீர்கள். மொட்டை மாடி இருந்தால், ஈரப்படுத்திய மண்ணை மெல்லியதாகப் பரப்பி, கண்ணாடி நிறப் பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, ஏப்ரல்-மே வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் விட்டால் கிருமிகளில் பெரும்பகுதி சாகும். அதற்கு இடமில்லையென்றால் கொட்டிவிடுங்கள். புதுக் கலவைக்கு ஆகும் செலவு, அந்த மண்ணால் போகும் செடியின் விலையைவிடக் குறைவுதான்.